வாக்கி டாக்கியை அணைத்த காலை

ஜெனிவாலுக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அப்புறம் மாட்டுக்குப் பின்னால் போனவன், முப்பது வருஷம் பண்ணைக் குதிரையின் முதுகிலேயே கிடந்தான். அவன் அப்பன் அதே பண்ணையில் ஓன்சா சுடுகிற ஆள். ஓன்சா என்றால் அந்தப் புள்ளிப் புலி. அது கன்றைத் தின்றால் அப்பன் நாயும் துப்பாக்கியுமாகக் கிளம்புவான், மூன்றாம் நாள் தோலோடு திரும்புவான். மகன் அதே ஓன்சாவை வெளியூர்க்காரர்களுக்குக் காட்டிச் சோறு தின்கிறான். காலம் அப்படிப் புரண்டுவிட்டது, யாரைக் குற்றம் சொல்ல.

நாற்பது வயதில் மாட்டை விட்டுப் படகுக்கு வந்தான். போர்ட்டோ ஜோஃப்ரே என்கிற ஊரில் மண்சாலை முடிகிற இடத்தில் ஆற்றங்கரையோரம் வீடு. மனைவி ஸுலெய்டே, ஒரே மகள். பேச்சு குறைவு, கோபம் அதிகம். ஆனாலும் ஆற்றில் எவனுக்காவது மோட்டார் நின்றுபோனால் முதலில் ஜெனிவாலைத்தான் கூப்பிடுவார்கள். வாக்கி டாக்கியில் "ம்" என்று ஓர் உறுமல் வரும். அது வந்தால் ஆள் கிளம்பிவிட்டான் என்று அர்த்தம்.

அந்த ஆற்றுக்கு ஒரு சட்டம் உண்டு. ஓன்சாவைப் பார்த்தவன் வாக்கி டாக்கியில் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு நீ எனக்குச் சொன்னால் நாளைக்கு நான் உனக்குச் சொல்வேன். சொன்ன கால் மணியில் இருபது படகு வந்து குவியும். புலி அலுத்துப்போய்ப் புதருக்குள் போய்விடும். எல்லாரும் திட்டுவார்கள், ஆனாலும் எல்லாரும் சொல்வார்கள்.

ஆகஸ்டில் அந்த ஜோடி வந்தது. அர்ஜென்டினாவின் தென்கோடியிலிருந்து முதுகில் மூட்டையோடு ஆறு மாதமாகப் பஸ்ஸும் லாரியுமாக ஏறி இறங்கி வந்தவர்கள். அவன் லிசாந்த்ரோ, அவள் அயெலேன். விடுதியில் தங்க வசதியில்லை. ஜெனிவால் வீட்டு மாமரத்தடியில் கூடாரம் அடித்துக்கொண்டு, ஸுலெய்டே கொடுத்த காய்ந்த இறைச்சிச் சோற்றைப் பாத்திரத்தைச் சுரண்டித் தின்றார்கள். நாலு நாள் படகில் போனார்கள். நாலு நாளும் அவன் படகுதான் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது. பழைய மோட்டார், என்ன செய்வது. தூரத்தில் ஒரு வாலும், முன்னால் நிற்கிறவர்களின் தொப்பிகளும்தான் கிடைத்தன.

"பரவால்லண்ணே," என்றாள் அயெலேன். "ஆறு மாசமா ஏறி எறங்கி வந்தோம். ஒலகத்துல உள்ள கேமராவையெல்லாம் ஒரே எடத்துல பாத்துட்டோம்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஜெனிவாலுக்குத்தான் அது முள்ளாகக் குத்தியது.

ஐந்தாம் நாள், கடைசி நாள். விடிந்ததும் கிளம்பினான். ஆற்றில் எதிரே டார்சியோ வந்தான். மிதக்கிற விடுதி ஒன்றுக்கு ஐஸும் காய்கறியும் ஏற்றிப்போகிறவன். ஜெனிவாலின் மகளுக்கு ஞானத்தகப்பன். அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன கொம்பாத்ரே, மாமரத்தடி விருந்தாளிங்க இன்னும் போகலியா? ஞானஸ்நானம் குடுத்து ஒன் வீட்டுலயே வச்சுக்கப்போறியா?"

"ஒன் வேலையப் பாரு. ஐஸு ஒழுகுது."

"எந்தப் பக்கம்?"

"மூணு சகோதரர் ஆத்துப் பக்கம்."

"அங்க இந்த வாரம் ஒரு ஈ காக்கா இல்லய்யா. வேணும்னா நான் புள்ளி குத்திக்கிட்டுக் கரையில படுத்துக்கவா?"

"ஒன் தொப்பைக்குப் புள்ளி பத்தாது."

டார்சியோ சிரித்துக்கொண்டே போனான். துறையில் மிச்சச் சரக்கை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் அவனும் அதே பக்கம்தான் வரவேண்டும்.

மூணு சகோதரர் ஆற்றிலிருந்து பிரிகிற ஓர் ஓடையில், ஆகாயத்தாமரையை விலக்கிக்கொண்டு ஜெனிவால் நுழைந்தான். இரண்டாவது வளைவில் மோட்டாரை நிறுத்தித் துடுப்பைப் போட்டான். மணல் திட்டில் தாய் ஓன்சா படுத்திருந்தது. அதன் வாலைக் கடித்து இழுத்துக்கொண்டு ஒரு குட்டி.

அயெலேன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். லிசாந்த்ரோ கேமராவை எடுக்கவே மறந்துபோனான்.

ஜெனிவாலின் கை பழக்கத்தில் வாக்கி டாக்கிக்குப் போனது. மற்ற படகெல்லாம் பெரிய ஆற்றின் மேல்பக்கம் வேறொரு புலிக்குப் போயிருந்தன. சொன்னால் அத்தனையும் இங்கே வரும், குட்டி ஓடிவிடும். சொல்லாமல் இருக்கலாம். ஆனால் எவனாவது "ஜெனிவால், எங்க இருக்க" என்று கேட்டால்? வாயைத் திறந்து பொய் சொல்ல அவனுக்கு வராது. குமிழைத் திருகினான். 'டிக்' என்று அணைந்தது. சத்தம் கேட்டு அயெலேன் திரும்பிப் பார்த்தாள், லிசாந்த்ரோவும் பார்த்தான்.

ஒன்றரை மணி நேரம் அங்கே இருந்தார்கள். தாய் ஓடையில் இறங்கி ஒரு முதலைக் குஞ்சைப் பிடரியில் கவ்விக்கொண்டு வந்தது. குட்டி அதைச் சுற்றிச் சுற்றி வந்து, செத்ததா இல்லையா என்று காலால் தட்டிப் பார்த்தது. ஜெனிவாலும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். பதினைந்து வருஷப் படகு வேலையில் அவன் அப்படிப் பார்த்ததில்லை. அதுதான் பிற்பாடு அவனை அதிகம் அரித்தது. அவர்களுக்காக மட்டும் அணைத்து வைக்கவில்லை, தனக்கும் சேர்த்துத்தான்.

அவை புதருக்குள் போனபிறகு திருகினான். வாக்கி டாக்கி இரைந்தது. யார் யாரோ டார்சியோவின் பெயரைச் சொன்னார்கள்.

ஓடை வாய்க்கு அப்பால் ஒரு வளைவு. அங்கே நீருக்குள் கிடந்த மரத்தில் டார்சியோவின் படகு மோதி, ஆளைத் தூக்கி வீசியிருக்கிறது. ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி வந்து மோட்டார் விசிறியால் காலைக் கிழித்துவிட்டது. எப்படியோ கரையைப் பிடித்து ஏறி, சட்டையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, கால்சட்டைப் பையிலிருந்த சின்ன வாக்கி டாக்கியில் கூப்பிட்டிருக்கிறான். அதன் குரல் இரண்டு மூன்று வளைவுக்கு மேல் போகாது. அந்தத் தூரத்துக்குள் இருந்தது ஒரே ஒரு படகு. ஐஸ் வரவில்லையே என்று விடுதிக்காரன் தேடி வந்த பிறகுதான் டார்சியோவைத் தூக்கினார்கள்.

நாலாம் நாள் நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்களாம். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் கால் பிழைத்திருக்குமா என்று கேட்டதற்கு டாக்டர், இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றாராம்.

போர்ட்டோ ஜோஃப்ரேயில் ஒருவரும் ஜெனிவாலைக் குறை சொல்லவில்லை. "அந்த வளைவுல எப்பவுமே குரல் எடுக்காது," என்றார்கள். "நீ என்ன பண்ணுவ." ஸுலெய்டேயும் அதையே சொன்னாள். ஒவ்வொரு ஆறுதலுக்கும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். பார்த்தவர்கள் அதைத் துக்கம் என்று நினைத்தார்கள்.

அந்த ஜோடி ஊருக்குப் போகவில்லை. கூடாரத்தைப் பிரிப்பதும் மறுபடி அடிப்பதுமாக இருந்தார்கள். ஒருநாள் காலை அயெலேன் படகுத்துறைக்கு வந்தாள்.

"அண்ணே, டார்சியோகிட்ட நாங்க போய்ச் சொல்லிர்றோம். எங்களாலதான் அணைச்சீங்க."

"நீங்க கேட்டீங்களா அணைக்கச் சொல்லி?"

"கேக்கல. ஆனா நீங்க அணைச்சப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

பின்னால் வந்த லிசாந்த்ரோ, "சொல்லி என்னண்ணே ஆகப்போவுது," என்றான். "காலு திரும்பி வருமா? ஊரே வேற காரணம் சொல்லுது. அதோட விட்டுருங்க."

"இத்தன நாளா நானும் அதத்தான் எனக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன்," என்றான் ஜெனிவால். "கூடாரத்தப் பிரிங்க. லாரி ஒன்னு போவுது. ஒங்கள பஸ்ஸுல ஏத்திவிட்டுட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

நூற்றுச் சொச்சம் மரப்பாலம் தாண்டிப் போனது லாரி. பஸ் நிலையத்தில் அயெலேன் கையை நீட்டினாள். அவன் பிடித்துக் குலுக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் டார்சியோ மெலிந்து போயிருந்தான். ஜெனிவாலைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாய்யா கொம்பாத்ரே. செருப்பு வாங்கித் தரணும்னா இனிமே ஒத்தச் செருப்பு போதும். செலவு மிச்சம்."

ஸுலெய்டே கொடுத்தனுப்பிய இறைச்சிப் பொடி டப்பாவை ஜெனிவால் மேசையில் வைத்தான். உட்காரவில்லை.

"வளைவுல குரல் எடுக்கலன்னு சொல்றாங்க."

"ஆமா, நானும் அப்படித்தான் நெனச்சேன். சனியன் புடிச்ச வளைவு அது."

"எடுத்திருக்கும். நான் அணைச்சு வச்சிருந்தேன்."

டார்சியோ சிரிக்கப் பார்த்தான். வேடிக்கை என்று நினைத்தான் போலிருக்கிறது. அப்புறம் ஜெனிவாலின் முகத்தைப் பார்த்தான்.

"எதுக்கு?"

"தாயும் குட்டியும் இருந்துச்சு. படகு வந்து குவியக் கூடாதுன்னு."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். டார்சியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"குட்டி எத்தனை?"

"ஒன்னு."

"எவ்வளவு பெருசு?"

"நாய் உசரம்."

"என்ன பண்ணுச்சு? சொல்லு."

"அத எதுக்கு இப்ப..."

"சொல்லுய்யா. என் காலக் குடுத்துப் பாத்திருக்க. என்ன பாத்தன்னு சொல்லு."

ஜெனிவால் சொன்னான். வாலைக் கடித்து இழுத்ததைச் சொன்னான், முதலைக் குஞ்சைச் சொன்னான், காலால் தட்டிப் பார்த்ததைச் சொன்னான். நிறுத்தினால் டார்சியோ "அப்பறம்?" என்றான். ஒன்றரை மணி நேரத்தையும் ஒன்றுவிடாமல் வாங்கினான்.

முடிந்ததும், "மொதல்ல ஒன் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டேன்," என்றான் டார்சியோ. "அப்பறம் மாதாவ. அப்பறம் எங்கம்மாவ. திருப்பியும் ஒன்னத்தான். தண்ணில விழுந்து நீயும் செத்துட்டியோன்னு பயமாப் போச்சு. எனக்கு ரத்தம் போய்க்கிட்டிருக்கு, நான் ஒனக்காக வேண்டிக்கிட்டுக் கெடந்தேன்."

ஜெனிவால் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"இந்தத் தலகாணிய எடுத்துக் காலுக்கடியில வை. வலிக்குது."

ஜெனிவால் போர்வையை விலக்கினான். கட்டுப்போட்ட அந்தக் குறைக் காலை இரண்டு கையாலும் தூக்கித் தலையணையின் மேல் வைத்தான். டார்சியோ பல்லைக் கடித்துக்கொண்டான், ஆனால் கையைத் தட்டிவிடவில்லை.

"போ இப்ப. நாளைக்கு ஸுலெய்டேவ அனுப்பு. நீ வராத."

நாளைக்கு மட்டும்தானா, இனி எப்போதுமேவா என்று கேட்க ஜெனிவாலுக்கு வாய் வரவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனான். அங்கே கொஞ்சம் நின்றான். உள்ளிருந்து கூப்பிடுகிற சத்தம் எதுவும் வரவில்லை.