முன் சீட்டில் ஒரு பாத்திரம் தண்ணீர்

காலை ஏழு இருபதுக்கு முதலில் கண்ணில் பட்டது, காரின் இடது முன்சக்கரத்து டயரில் இருந்த வீக்கம். பக்கவாட்டு ரப்பர் ஒரு எலுமிச்சை அளவுக்கு வெளியே தள்ளியிருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே போகவில்லை.

ஏப்ரல் தொடக்கம். நியூஜெர்ஸியில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்தத்தில், குளிர்காலம் முழுக்கப் பனியைத் தள்ளிக் குவித்த மூலையில் ஒரு கறுப்பு மேடு இன்னும் மிச்சமிருந்தது. அதற்குள்ளிருந்து யாரோ தொலைத்த கையுறையின் இரண்டு விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. காரின் கதவுகளில் பாதி உயரம் வரை உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. சாலையில் பனி உறையாமலிருக்கத் தூவுகிற உப்பு. ஜனவரியிலிருந்து நான் அதைக் கழுவவில்லை.

ஜனவரியிலிருந்து அந்தக் கார் ஒரே வழியில்தான் ஓடியது. வீட்டிலிருந்து ஹாஸ்பிஸுக்கு, ஹாஸ்பிஸிலிருந்து வீட்டுக்கு. குணப்படுத்துகிற சிகிச்சையெல்லாம் முடிந்துபோனவர்களை வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிற இடம் அது. என் மனைவி அங்கே இருந்தாள். புற்று முதுகெலும்புக்குப் போயிருந்தது. தலையணைகளை முட்டுக் கொடுத்தால் ஒரு மணி நேரம்போல உட்கார முடிந்தது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு மத்தியானம் வீட்டுக்கு வர வேண்டும், தன் அடுக்களையில் உட்கார வேண்டும். டாக்டர் சம்மதித்து, ஒரு சனிக்கிழமையும் குறித்துவிட்டார். படுத்தபடியே வர வேன் ஏற்பாடு செய்வதாக அங்கே சொன்னார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஸ்ட்ரெச்சர்ல படுத்து வேன் கூரையைப் பாத்துக்கிட்டே வீட்டுக்கு வர்றதுக்கு, வராமலே இருந்துடலாம். நம்ம கார்ல, முன் சீட்ல உக்காந்துதான் வருவேன்."

"ரோடு ரொம்ப மோசமா இருக்கு. எங்க பாத்தாலும் பள்ளம்."

"அப்ப ரோட்டைச் சரி பண்ணுங்க."

"அது என்னால முடியுமா?"

"முடியாதுன்னா காரைச் சரி பண்ணுங்க. பேப்பர்காரரே, ரெண்டுல ஒண்ணாவது பண்ணுவீங்கல்ல?"

கல்யாணமான புதிதில் நான் சென்னையில் ஒரு நாளிதழில் வேலை பார்த்தேன். கேலி செய்யத் தோன்றும்போதெல்லாம் அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். அந்தக் குளிர்காலத்தில் அன்றுதான் கூப்பிட்டாள்.

மறுநாள் காலையில்தான் டயரைப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் மதுரைப் பக்கம். கம்ப்யூட்டர் வேலை. ஆனால் தன் காரைத் தானே கழற்றிப் பூட்டுகிறவர். காரை அவர் வீட்டு கராஜுக்குக் கொண்டுபோனேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, தாங்கிகளை வைத்து, சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கீழே அட்டையை விரித்துப் படுத்தார். கொஞ்ச நேரம் டார்ச் வெளிச்சம் மட்டும் அங்குமிங்கும் நகர்ந்தது.

"அண்ணே, ஸ்பிரிங் உடைஞ்சிருக்கு."

"முழுசாவா?"

"கீழ் வளையம் ஒண்ணு துண்டாவே போயிருச்சு. உப்பு அரிச்சு வச்சிருக்கு, பள்ளம் மிச்சத்தைப் பாத்துக்கிச்சு. ஷாக் அப்சார்பர்ல ஆயிலும் லீக் ஆகுது. சத்தம் வரலையா?"

"வந்துச்சு."

"வந்துச்சா? கேட்டுட்டு என்ன பண்ணீங்க?"

"கேட்டுட்டே ஓட்டினேன்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, அட்டையில் படுத்தவாறே கேட்டார்.

"அண்ணி என்னைக்கு வர்றாங்க?"

"அடுத்த சனிக்கிழமை."

"வந்தா இங்கயே இருந்துருவாங்கள்ல?"

"இல்ல. சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடணும்."

டார்ச் வெளிச்சம் நகராமல் ஓரிடத்தில் நின்றது. "ரெண்டு பக்கமும் மாத்திருங்க அண்ணே. ஒண்ணை மட்டும் மாத்தாதீங்க," என்றார் கடைசியில்.

அவர் சொன்ன ஒர்க்‌ஷாப்பில் முன்பக்கத்து இரண்டு ஸ்பிரிங், இரண்டு ஷாக் அப்சார்பர், இரண்டு டயர் எல்லாவற்றையும் மாற்றினார்கள். சக்கரங்களை நேர்படுத்தினார்கள். திரும்ப ஓட்டி வரும்போது கார் வலப்பக்கமாகவே போனது. காரில் கோளாறில்லை. குளிர்காலம் முழுக்க அது இடதுபக்கம் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது, நான் எனக்கே தெரியாமல் ஸ்டியரிங்கை வலது பக்கம் பிடித்து ஓட்டியிருக்கிறேன். கை அதை மறக்க இரண்டு நாளாயிற்று.

கார் சரியாகிவிட்டது என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். அவளுக்குச் சரியாக இருக்குமா என்று அவர்களிடம் கேட்க முடியாது.

இங்கே ஏதாவது விசேஷம் என்றால் வீட்டுக்கு ஒரு பதார்த்தம் சமைத்து எடுத்துப்போவோம். பாட்லக் என்பார்கள். எங்களுக்கு எப்போதும் சாம்பார். பெரிய எவர்சில்வர் பாத்திரத்தைத் துண்டில் சுற்றிப் பின்சீட்டில் வைத்து சீட்பெல்ட் போடுவோம். ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் அவள் முன் சீட்டிலிருந்து திரும்பி அதைப் பார்ப்பாள், அப்புறம் என்னைப் பார்ப்பாள். நியூஜெர்ஸித் தமிழர்களின் கார்களில் பாதி இப்படிச் சாம்பார் சிந்திக் கறைபட்டவைதான்.

அந்தப் பாத்திரத்தை எடுத்து, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை தண்ணீர் ஊற்றி, மூடியில்லாமல், துண்டில் சுற்றி முன் சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டேன். அதை ஹாஸ்பிஸ் வாசலுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வீட்டுக்கு ஓட்டி வந்தேன். அவள் வரப்போகிற திசையில்.

கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"என்னண்ணே, இந்த நேரத்துல பாட்லக்கா?"

"வெறும் தண்ணிதான்."

"உங்க சாம்பாரும் அப்படித்தானே இருக்கும்," என்றவர், சீட்பெல்ட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "மெதுவாப் போங்க," என்றார்.

ரயில் பாலத்துக்குக் கீழே கான்கிரீட் பலகைகள் சேருகிற இடத்தில் ஒரு கை அளவு சிந்தியது. பள்ளிக்கூடத்துக்கு முன்னாலிருந்த சிக்னலில், வடிகால் மூடியின் மேல் ஏறியபோது இன்னொரு கை. தினமும் போய்வந்து ஒவ்வொரு இடத்தையும் மனதில் வைத்துக்கொண்டேன். பாலத்துக்கு அடியில் வலது தடம். சிக்னலில் இடது தடம். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒருவர் கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை ஓட்டியபோது துண்டு நனையவில்லை. கடைவீதிக்கு முன்னால், குளிர்காலத்துப் பள்ளங்களை அங்கங்கே தாரால் அடைத்திருந்த நீண்ட சாலையில் தண்ணீரின் மேல் சின்ன வளையங்கள் எழுந்தபடி இருந்தன. ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. அன்று மாலை அவளிடம் வழி முழுவதையும் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம், புறப்படும் முன் நர்ஸ் வலி மருந்தைக் கூடுதலாகக் கொடுத்தார். இரண்டு பேராகத் தூக்கி அவளை முன் சீட்டில் வைத்தோம். முதுகுக்கு ஒரு தலையணை, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அவள் கண்ணாடியை இறக்கச் சொன்னாள். ஓரங்களில் மரங்கள் துளிர்க்க ஆரம்பித்திருந்தன. அதையெல்லாம் அவள் பார்க்கவில்லை, முன்னால் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"பாலம் வந்தாச்சா?"

"இதோ."

கார் ஏறி இறங்கியது. அவள் மூச்சை விட்டாள். "இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை பில்டப்பு?"

சிக்னலும் தாண்டியது. தார் ஒட்டுப் போட்ட சாலைக்கு வந்தோம். நான் கொஞ்சம் நிம்மதியாகிவிட்டேன் என்று நினைக்கிறேன், கால் லேசாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தியது. கார் குலுங்கவில்லை. அடியிலிருந்து ஒரு நடுக்கம் மட்டும் விடாமல் வந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். கதவின் கைப்பிடியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

"வலிக்குதா?"

அவள் பிடியை விடவில்லை.

"மெதுவாப் போறேன்."

மெதுவாகப் போனேன். அந்த நடுக்கம் மெதுவாக, நீளமாக வந்தது. தண்ணீர் அந்த இடத்தில் சிந்தவே இல்லை.

"நிறுத்துங்க," என்றாள். "எங்கயாவது நிறுத்துங்க."

இந்திய மளிகைக் கடையின் கார் நிறுத்தத்தில் நிறுத்தினேன். சனிக்கிழமை என்பதால் நல்ல கூட்டம். ஒரு குடும்பம் அரிசி மூட்டையை டிக்கியில் ஏற்றிக்கொண்டிருந்தது. மூட்டைக்கு அடியில் முட்டை இருக்கிறது என்று அந்த அம்மாள் கத்தினார். என் மனைவி கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள். உதடு காய்ந்திருந்தது. பாட்டிலைக் கொடுத்தேன். ஒரு மிடறுக்கு மேல் குடிக்கவில்லை.

"இன்னும் ஒன்றரை மைல்தான்," என்றேன்.

"தெரியும். இத்தனை வருஷமா இங்கதானே காய் வாங்கறேன்."

"கொஞ்சம் இருந்து பாப்போம். மருந்து பிடிச்சுடும்."

"பிடிச்சுருச்சுங்க. பிடிச்சதுக்கு அப்புறம்தான் இது." பாட்டிலை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "வீட்டுக்குப் போய்ட்டா, சாயங்காலம் இப்படியே திரும்பி வரணும்ல?"

"ஆமா."

"அப்ப இங்கேருந்தே திரும்பிடுங்க."

நான் சாவியில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார்.

"அண்ணே, கிட்ட வந்துட்டீங்களா? வீட்ல ரசம் வச்சிருக்காங்க, சூடு பண்ணச் சொல்லவா?"

"வேண்டாம்."

"ஏன், லேட் ஆகுமா?"

"இல்ல. திரும்பிப் போறோம்."

"சரிண்ணே," என்று வைத்துவிட்டார்.

"ரசமா வச்சிருக்காங்க?" என்று கேட்டாள். "ஆமா," என்றேன். அவள் கண்ணாடியை ஏற்றச் சொன்னாள்.

காரை ரிவர்ஸ் எடுத்து, அரிசி மூட்டைக் குடும்பத்துக்கு வழிவிட்டு, வெளியே போகும் வாசலுக்கு வந்தேன். ஹாஸ்பிஸுக்குத் திரும்பவும் அந்தச் சாலைதான்.