என் மகள் இருந்த உபவாசம்

நம் சபையில் நான் ஒரு பொய்ச் சாட்சி சொல்லியிருக்கிறேன். தெரிந்து சொன்ன பொய் இல்லை. ஆனாலும் அது பொய்தான். அதற்குப் பிறகு தேவன் எங்கள் குடும்பத்துக்குச் செய்ததை எழுத உட்காரும்போது, முதலில் இதை ஒப்புக்கொள்ளாமல் மேலே போக எனக்கு மனசு வரவில்லை.

2006ஆம் வருடம், பிப்ரவரி மாதம். நாங்கள் நெல்லித்தோப்பில் குடியிருந்தோம். மில்லில் வேலை போன பிறகு என் வீட்டுக்காரர் தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் வீட்டிலேயே பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கொடுப்பேன். எங்களுக்கு ஒரே மகள், ஜெமிமா. ஆறாம் வகுப்பு. உப்பளம் பக்கம் நல்ல பேர் எடுத்த ஒரு பெண்கள் பள்ளியில் படித்தாள். அங்கே இடம் கிடைத்ததே கிருபை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள் நான்.

வெள்ளிக்கிழமைதோறும் உபவாசமிருந்து ஜெபிப்பது நம் சபை வழக்கம். பெரியவர்கள்தான் இருப்போம். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஜெமிமா என்னிடம் வந்து, "அம்மா, நானும் இன்னிக்கு உபவாசம். தண்ணிகூட வேணாம்" என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுத்த வாரம் புதன், வெள்ளி இரண்டு நாளும் இருந்தாள். அப்புறம் பள்ளிக்கூடம் இருக்கிற எல்லா நாளும். டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தபடியே திரும்பி வரும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை நின்ற வாக்கிலேயே குடித்துவிடுவாள்.

அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே எழுந்து நின்று சாட்சி சொன்னேன். பதினொரு வயசுப் பிள்ளைக்கு இப்படி ஒரு வாஞ்சையைக் கர்த்தர் கொடுத்திருக்கிறார் என்று அழுதுகொண்டே சொன்னேன். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். பாஸ்டர் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. என்ன அடக்கம் என்று அதையும் மெச்சிக்கொண்டேன்.

மார்ச் முதல் வாரத்தில் அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். நான் எண்ணெய் தடவி மூன்று நாள் ஜெபித்தேன். என் வீட்டுக்காரர் சபைக்கு வந்தால் கடைசி வரிசையில் உட்காருகிற மனிதர். மூன்றாம் நாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"உன் ஜெபத்தை ஆஸ்பத்திரிக்குப் போற வழியில பண்ணு. எழுந்திரு" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. யூரின் இன்பெக்ஷன் முற்றிப்போய் கிட்னி வரைக்கும் போயிருக்கிறது, பகலெல்லாம் தண்ணீர் குடிக்காத பிள்ளைகளுக்கு இப்படி வரும், படுக்கையில் சேர்க்க வேண்டும் என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு நேராக ஜெமிமாவிடம் கேட்டார். "பகல்ல தண்ணி ஏன் குடிக்கறதில்ல?"

நான் முந்திக்கொண்டு உபவாசம் என்று ஆரம்பித்தேன். டாக்டரம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். ஜெமிமா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தண்ணி குடிச்சா பாத்ரூம் வரும். பூட்டி வெச்சிருப்பாங்க."

கேட்கக் கேட்க எல்லாம் வெளியே வந்தது. இன்டர்வெல் பத்து நிமிஷம். இருக்கிறது நாலே கழிப்பறை. வரிசை பாதி போவதற்குள் மணி அடித்துவிடும். மற்ற நேரம் பூட்டு. ஜனவரியில் ஒரு நாள் வகுப்பில் எழுந்து கேட்டிருக்கிறாள். டீச்சர் உட்காரச் சொன்னார். மறுபடி கேட்டாள், மறுபடியும் உட்காரச் சொன்னார். அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். கழிப்பறை திறக்கவில்லை. அங்கேயே பாவாடையோடு போய்விட்டது. அன்றிலிருந்து அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அன்றைக்குச் சாயங்காலம் தன் யூனிஃபார்மைத் தானே துவைத்துக் காயப்போட்டாள். இங்க் கொட்டிவிட்டது என்றாள். பொறுப்பு வந்துவிட்டது என்று அதற்கும் நான் சந்தோஷப்பட்டேன்.

"எங்கிட்ட சொல்லக் கூடாதாடி?" என்று கேட்டேன்.

"உபவாசம்னு சொன்னதும் நீ அவ்ளோ சந்தோஷமா இருந்தியேம்மா" என்றாள்.

அந்த வார்த்தையில் நான் செத்தேன். பெற்றவள் சந்தோஷத்தைக் கெடுக்க மனசில்லாமல் ஒரு பிள்ளை தாகத்தோடு இருந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்போம் என்றார் என் வீட்டுக்காரர். எனக்குப் பயம். கேள்வி கேட்டால் டிசியைக் கையில் கொடுத்துவிடுவார்கள், பிள்ளையை இன்னும் படுத்துவார்கள் என்று பயம். மில்லில் சங்கத்தில் இருந்தவர் அவர். "தனியா போனா தொரத்திடுவாங்க, நாலு பேரைச் சேத்துக்க" என்றார். அதே வகுப்பில் பிள்ளைகளை விட்டிருந்த மூன்று விசுவாசக் குடும்பங்களுக்குப் போனேன். மூன்று வீட்டிலும் காபி கொடுத்தார்கள். "நாங்க பாரப்பட்டு ஜெபிக்கிறோம் சிஸ்டர்" என்றார்கள். கூட வருகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள்மேல் எனக்கு இப்போது வருத்தமில்லை. அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, வராண்டாவில் பாத்திரம் கழுவும் குழாயடியில் நின்று ஜெபித்தேன். வழக்கமாக எனக்கு வார்த்தை சரளமாக வரும். அன்று வரவில்லை. "ஆண்டவரே, உம்முடைய பேரைச் சொல்லி என் பிள்ளையின் வலிக்குக் கை தட்டல் வாங்கிட்டேன். என்னை மன்னியும். நாளைக்கு என் பக்கத்துல நின்னு பேச ஒரே ஒரு ஆளை அனுப்பும்" என்று மட்டும் கேட்டேன். மனசில் நினைத்தது நம் சபை ஆட்களில் ஒருவரைத்தான்.

மறுநாள் பதினொன்றரை மணிக்கு நானும் என் வீட்டுக்காரரும் தலைமையாசிரியை அறையில் நின்றோம். வயதான அம்மா, பிரெஞ்சுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். எல்லோரும் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவோம். வகுப்பு டீச்சரையும் வரவழைத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். டீச்சர் கொஞ்சமும் அசரவில்லை.

"அந்தப் பொண்ணு எங்கிட்ட கேக்கவே இல்ல மதாம். இவங்கதான் விரதம்னு சொல்லி வீட்டுல பட்டினி போடறாங்க. சர்ச்சில இவங்களே எழுந்து நின்னு பெருமையா சொன்னாங்களாம். வேற ஒரு பேரன்ட் சொன்னாங்க."

நான் சொன்ன சாட்சியே என் பிள்ளைக்கு விரோதமாக வந்து நின்றது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அப்போது, மதாமுக்குத் தண்ணீர் டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டுப் போகத் திரும்பிய பெண் நின்றாள். பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் முனியம்மா. நெற்றி நிறையத் திருநீறு. அதற்கு முன் ஒரு நாளும் நான் அவளோடு பேசியதில்லை.

"மதாம், நான் ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். இவங்க புள்ள பாத்ரூம் கதவுகிட்ட நின்னு அழுதுச்சி. சாவி எங்கிட்டதான் இருந்துச்சி. கிளாஸ் நேரத்துல தொறந்தா உன் வேலை போயிடும்னு டீச்சர் சொல்லியிருந்தாங்க. நான் தொறக்கல. என் கண்ணு முன்னாடிதான் அது அப்டி ஆச்சி. நான்தான் தண்ணி ஊத்திக் கழுவி வுட்டேன். அன்னியிலேர்ந்து எனக்கு சோறு எறங்கல." இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "வேலை போனா போவுது."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். மதாம் சாவியைக் கையில் எடுத்தார். "பூட்டச் சொன்னது நான்தான். கேட்டாலும் தொறக்க மாட்டாங்கன்னு நான் நெனைக்கல" என்றார். பிறகு எழுந்து வகுப்புக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம்.

மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. வெயில் கொளுத்தியது. "எல்லாரும் உங்க தண்ணி பாட்டிலைத் தூக்கிக் காட்டுங்கம்மா" என்றார் மதாம்.

தூக்கினார்கள். ஒன்று, இரண்டு தவிர அத்தனையும் நிரம்பியிருந்தன. நீலமும் சிவப்புமாக, வரிசை வரிசையாக, வாய் திறக்காத பாட்டில்கள். என் மகள் மட்டும்தான் என்று நினைத்து வந்தேன். அந்த வகுப்பே தாகத்தோடு உட்கார்ந்திருந்தது. மதாம் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு பிள்ளைக்காக ஜெபித்தேன், தேவனோ அறை முழுக்க இருந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்றைக்கே பூட்டு கழற்றப்பட்டது. வகுப்புக்கு வேறு டீச்சர் வந்தார். முனியம்மாவின் வேலை போகவில்லை. மதாம் ஆஸ்பத்திரிக்கே வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஜெமிமாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். ஒரு தலைமையாசிரியை ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒன்பதாம் நாள் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிட்னிக்குப் பழுதில்லை என்றார் டாக்டரம்மா.

மதாமைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே, பள்ளி கேட்டுக்கு வெளியே முனியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்போது அவள் சொன்னதைக் கேளுங்கள்.

"நான் இன்னிக்கு லீவும்மா. விழுப்புரத்துல என் நாத்தனார் பேத்திக்குக் காதுகுத்து. பஸ் ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் நின்னேன், ஏற முடியல, அவ்ளோ கூட்டம். சரி, போய் வேலையாவது பாக்கலாம்னு வந்தேன்."

"கர்த்தர்தான் உங்கள அனுப்பினாரு" என்றேன்.

"எந்தச் சாமி அனுப்பிச்சோ, புள்ள நல்லாயிடட்டும்" என்று சிரித்துக்கொண்டே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

பிரியமானவர்களே, நான் இப்போதும் உபவாசமிருக்கிறேன், இப்போதும் ஜெபிக்கிறேன். ஆனால் ஜெமிமாவுக்காக முழங்காலில் நிற்பதற்கு முன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய கதையைக் கேட்டுவிடுகிறேன். பாதி ஜெபம் அங்கேயே முடிந்துவிடுகிறது. உங்கள் பிள்ளை படிக்கும் இடத்தில் ஏதோ சரியில்லை என்று மனசில் பட்டு, போய்க் கேட்கப் பயந்துகொண்டிருந்தால், தயவுசெய்து போங்கள். நீங்கள் தப்புச் செய்தவர்களாகவே இருந்தாலும் போங்கள். பேச வாய் வராமல் போகலாம், எனக்கும் வரவில்லை. நீங்கள் எதிர்பார்க்கிறவர்கள் வராமலும் போகலாம். ஆனால் நீங்கள் படியேறும்போது உங்களுக்காகப் பேசப்போகிறவரைக் கர்த்தர் ஏற்கெனவே உள்ளே கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்.