எடைமேடையில் ஒரு வாசகி

"அண்ணா, எடைமேடை நல்லம்மாக்கா போயிட்டாங்கண்ணா." லாரி ஓட்டும் செல்வம் போனில் இதைச் சொன்னபோது, எங்கள் தீவன மில்லில் மக்காச்சோளத்தைக் கையில் அள்ளி ஈரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சோளத்தைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

மல்லசமுத்திரம் சாலையில் சரக்கு ஏற்றிப் போன உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். லாரி மேடையேறினால் எடை பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பவர். ஒரு லாரி இறங்கி அடுத்தது ஏறுவதற்குள் அவர் சிறுகதை படிப்பார் என்பதும் தெரிந்திருக்கும். எழுதியவர் யார் என்று பார்க்கும் வழக்கமே இல்லை. கதையின் நீளத்தை லாரியில்தான் சொல்வார். "நேத்து ஒண்ணு படிச்சனுங்க சாமி, மூணு லாரிக் கதை. ரெண்டாவது லாரி வரும்போது அந்தப் பையன் ரயில் ஏறிட்டான். எனக்குச் சீட்டடிக்கவே மனசில்லை."

எங்கள் பழக்கமே ஒரு தப்பில்தான் தொடங்கியது. மில்லுக்கு வந்த ஒரு சீட்டில், சரக்கு அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மல்லிகா' என்றிருந்தது. எங்களுக்குச் சோளம் போடுகிறவர்களில் மல்லிகா என்று யாருமில்லை. அந்த வாரம் பத்திரிகையில் வந்த என் கதையில் இருந்தாள். உடனே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க சாமி! அந்தப் புள்ள கெணத்துமேட்டுல நின்னுட்டிருந்தா. அதே நெனப்புல அடிச்சுப்போட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். எழுதியவன் நான்தான் என்றதும் முகம் மாறிவிட்டது. "நீங்கதானா? அவளை ஏனுங்க சாகடிச்சீங்க? ஒரு எட்டு அவிய அம்மா ஊட்டுக்கு அனுப்பியிருக்கலாமில்ல?"

சித்திரை மதியங்களில் அங்கே போய் உட்காருவது எனக்குப் பிடிக்கும். சோளத்தூசு வெயிலில் பொன்னாக மிதக்கும். சாலை கானலில் நெளியும். நல்லம்மாக்கா கண்ணைத் திறந்தபடியே எங்கோ இருப்பார். ஹாரன் கேட்டால், வெளியூர் போய்த் திரும்பியவர் மாதிரி மெல்ல எங்களைப் பார்ப்பார். "கதை முடிஞ்சாலும் அதுல வர்றவிய எங்கயும் போறதில்லை சாமி. அந்தா, அந்த லாரிக்குப் பின்னால நடந்து போறாப்ல இருக்குது" என்பார். ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வெயிலில் நானும் பார்த்திருக்கிறேன். தலைக்கு முந்தானையைப் போட்டுக்கொண்டு ஒருத்தி புளியமரங்களைத் தாண்டிப் போவாள். திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அப்படியொரு மதியத்தில்தான் தன் தமக்கையைப் பற்றிச் சொன்னார். ஆற்றங்கரையில் இருக்கும் ஜேடர்பாளையத்தில் வாழ்க்கைப்பட்ட ஒரே உடன்பிறப்பு. தாயார் இறந்த அன்று, இவர் போய்ச் சேர்வதற்குள் தமக்கை உடலை எடுக்கச் சொல்லிவிட்டார். "அம்மா மொகத்தைக்கூடப் பாக்க விடலையே சாமி" என்று அழுதார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

நான் என்ன செய்தேன்? அதைக் கதையாக எழுதினேன். எடைமேடை, ஆற்றங்கரை ஊர், தமக்கை, எல்லாம் அப்படியே. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கதையில் தங்கை மனமிளகிப் போய்ச் சேரும்போது தமக்கை இறந்து, உடலையும் எடுத்துவிட்டிருப்பார்கள். முடிவு பிரமாதம் என்றார்கள் நண்பர்கள். எனக்கோ பத்திரிகை கைக்கு வந்ததும்தான் உறைத்தது. அவர் படிக்காமல் இருப்பாரா? எந்த முகத்தோடு போய் நிற்பது? எங்கள் லாரிகளை வேறு எடைமேடைக்குத் திருப்பிவிட்டேன். இரண்டு மாதம் அந்தச் சாலைப் பக்கமே போகவில்லை. கோழை, வேறென்ன.

சாவு வீட்டில், தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு அம்மாள் அவர் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தார். அதே மூக்கு, அதே நெற்றி. தமக்கை என்று புரிந்தது. பக்கத்தில் குனிந்து என் பெயரைச் சொன்னேன்.

"கதை எழுதறவருங்களா? உங்களையத்தான் கேட்டுட்டே இருந்தாளுங்க. ரெண்டு மாசத்துக்கு முந்தி, விடிஞ்சும் விடியாம பஸ் ஏறி எங்க ஊட்டுக்கு வந்துட்டா. 'ஒரு கதை படிச்சேன்க்கா, அதுல தங்கச்சி நேரங்கழிச்சுப் போறா. அதான் ஓடியாந்துட்டேன்'னா. ரெண்டு பேரும் பொழுதுக்கும் அழுதோமுங்க."

"எம்மேல கோவமா இருந்தாங்களா?"

"கோவமா? அவ இதை உங்ககிட்ட மட்டுந்தான் சொல்லியிருந்தாளாமா. நம்ம கதையை எழுதிப்போட்டாரேடின்னு நான்தான் கேட்டேன். 'எழுதுனா எழுதட்டும். முடிவுதான் தப்பு. வரட்டும், நேருல சொல்றேன்'னா. நீங்கதான் அந்தப் பக்கமே வரலையாமா. ஒவ்வொரு லாரியா எட்டி எட்டிப் பாத்தாளுங்க."

நல்லம்மாக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, அவர் தப்பென்று சொன்ன அந்த முடிவுதான். தொகுப்பில் சேர்க்கும்போது திருத்திவிடலாமே என்கிறார்கள். திருத்த மாட்டேன். அதில் நேரங்கழித்துப் போய் நிற்பது தங்கை இல்லை, நான்.