லூஃபினா மக்வின்ஜாவின் ரத்த அழுத்தம்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை சபைப் பானையைத் தேய்த்தது. திங்கட்கிழமை காலை. மூன்று நாள் இருபது பேருக்கு ந்சீமா கிண்டிய பானை. உள்ளே சோளக்களி காய்ந்து ஒட்டியிருந்தது. வெளியே விரல் கனத்துக்குக் கரி. அம்மா உள்பக்கம், நான் வெளிப்பக்கம். மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம்.

ஸ்காட்லாந்து சபையிலிருந்து வந்திருந்த குழு முந்தைய நாள் மாலையே வேனில் ப்ளாண்டயர் நகரத்துக்குக் கிளம்பிவிட்டது. எலூபே சித்தி, அம்மாவின் பள்ளிக்கூடத்துத் தோழி, கவிழ்த்த உரலின் மேல் உட்கார்ந்து மிச்சமிருந்த கோழிக் குழம்பை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உதவி செய்யும் எண்ணம் இல்லை.

“வெள்ளைக்காரங்க போனதும் மூஞ்சி எப்படி விழுந்துடுச்சு பாரு. அடுத்த வருசம் அவங்க பெட்டியிலேயே உன்னையும் போட்டு அனுப்பிடறோம் லூஃபினா.”

“என்னைப் போட ரெண்டு பெட்டி வேணும்டி.”

“மூணு. வாய்க்குத் தனியா ஒண்ணு.”

அம்மா சிரித்தாள். தலை பானைக்குள் இருந்ததால் சிரிப்பு பெரிதாகக் கேட்டது. பிறகு நிமிர்ந்து, “பின்கழுத்து பிடிக்குது” என்றாள்.

“மூணு நாளா குனிஞ்சு கிண்டினா பிடிக்காம என்னம்மா செய்யும்,” என்றேன்.

பதினோரு மணி மினிபஸ்ஸில் நான் வேலை செய்யும் ஊருக்குத் திரும்பினேன். மறுநாள் காலை பத்து மணிக்கு அம்மா இறந்துபோனாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. அதைத் தடுத்திருக்க முடியும். தடுத்திருக்க வேண்டியவள் நான்.

அவளுக்கு வயது ஐம்பத்தாறு. தேயிலைத் தோட்டத்தில் பதினான்கு வருடம் கொழுந்து பறித்தாள். எனக்கு ஒன்பது வயதில் அப்பா இறந்தார். அதன்பின் விடிகாலையில் மண்டாசி என்கிற மாவு உருண்டைகளை எண்ணெயில் சுட்டு, தோட்டத்து வாசலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு விற்று, அந்த வருமானத்தில் என்னைத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அனுப்பினாள். நான் மாவட்ட மருத்துவமனையில் கருவிகளைப் பழுதுபார்க்கிறேன். என் பதவியின் பெயர் நீளமானது. அம்மா அதை ஒருநாளும் சொன்னதில்லை. “என் மக தமாண்டா ஆஸ்பத்திரி மெக்கானிக்” என்பாள். எனக்கு அது கூச்சமாக இருக்கும்.

பதினோரு வருடமாக அவள் சபைப் பெண்கள் சங்கத்தின் தலைவி. ஜெபக் கூட்டங்களைப் பாஸ்டரின் மனைவி பார்த்துக்கொள்வார். அம்மாவின் பொறுப்பு விருந்தாளிகள். ஒவ்வொரு ஜூலையும் அந்தக் குழு வரும். யார் யார் வீட்டில் தூங்குவது, எந்த வீட்டுக் கழிப்பறைக்குக் கதவு போடுவது, யாருடைய சேவல் அறுபடுவது எல்லாம் அவள் முடிவுதான். சேவல் விஷயத்தில் மட்டும் பகை வரும். அதையும் அவளே தீர்ப்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு விதி. விருந்தாளி கொடுத்த பொருள் கெட்டுப்போனால் அது விருந்தாளிக்குத் தெரியக் கூடாது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் இப்படித்தான். அம்மா அதை ஓர் இலாகா போல நடத்தினாள், அவ்வளவுதான். ஆலயத்துக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. எலூபே சித்தி அதற்கு நன்றி அறை என்று பெயர் வைத்திருந்தாள். பனிக்காலக் கோட்டுகள், வார் அறுந்த தையல் இயந்திரம், மின்சாரம் இல்லாத ஊருக்கு வந்த கீபோர்டு எல்லாம் அங்கே கிடக்கும். குழு வருவதற்கு முந்தைய நாள் அத்தனையும் வெளியே வரும், தூசி தட்டிப் பார்வைக்கு வைக்கப்படும். ஓடக்கூடியதை ஓட வைப்பது என் வேலை. ஒரு வருடம் கீபோர்டை பாஸ்டரின் கார் பேட்டரியில் இணைத்தேன். வரவேற்புப் பாட்டின் மூன்றாம் சரணத்தில் சத்தம் நின்றுவிட்டது. பாடகர் குழு தொண்டை கிழியப் பாடி மறைத்தது. மறுநாள் அதே பாடகர்கள் ஆறு பேர் சேர்ந்து பாஸ்டரின் காரைத் தள்ளினார்கள்.

போன வருடம் கொடுத்தவை ஆறு ரத்த அழுத்தக் கருவிகள். இந்த வருடம் சனிக்கிழமை ஆலயத்தில் இலவசச் சோதனை என்று கடிதம் வந்திருந்தது. நான் புது பேட்டரிகள் வாங்கிக்கொண்டு வியாழக்கிழமை மதியமே வந்துவிட்டேன். அம்மா அடுப்படிக்கு வெளியே பாயில் உட்கார்ந்து பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே ஆறையும் பரப்பினேன். முதல் ஐந்தையும் என் கையில் கட்டிப் பார்த்தேன். எல்லாம் நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பதினாறு. அதற்குள் என் கை வலித்தது.

“கையைக் குடும்மா.”

“வேலையா இருக்கேன்.”

“இடது கை சும்மாதானே இருக்கு.”

இடது கையை நீட்டிவிட்டு வலது கையால் பீன்ஸ் பொறுக்கினாள். பட்டை இறுகும்போது, “பாம்பு சுத்தற மாதிரி இருக்கு” என்றாள். எண் வந்தது. இருநூற்று நான்கு, நூற்று இருபத்திரண்டு.

“என்ன சொல்லுது?”

“மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லுது.”

“பாவம். ஒரு வருசம் கோட்டுக்கடியில கிடந்தா நானும்தான் கெட்டுப்போவேன்.”

அம்மா ஒருநாளும் மயங்கி விழுந்ததில்லை. தலைவலி என்று படுத்ததில்லை. இருபது லிட்டர் தண்ணீரைத் தலையில் வைத்துக்கொண்டு பாடிக்கொண்டே மேடேறுவாள். நன்கொடையாக வரும் கருவிகளில் பாதி பழுதாகத்தான் வரும், அது என் தினசரி அனுபவம். இந்த இரண்டு விஷயங்களையும் சேர்த்துப் பார்த்து, பழுது கருவியில்தான் என்று முடிவு எடுத்தேன். சந்தேகமான எண் வந்தால் இன்னொரு கருவியால் அதே கையில் மீண்டும் அளக்க வேண்டும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது அது. இன்னும் ஐந்து கருவிகள் என் முழங்காலுக்கு அருகில் இருந்தன. அம்மா பீன்ஸை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நான் ஒட்டும் பட்டையில் ‘பழுது’ என்று எழுதி ஆறாவதை நன்றி அறையில் கோட்டுகளுக்குப் பின்னால் வைத்தேன்.

சனிக்கிழமை மோராக் வந்தாள். குழுவின் நர்ஸ், அறுபது வயது இருக்கும், வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. மேசையில் கருவிகளை எண்ணினாள். ஆறு கொடுத்தோமே என்று கேட்டாள்.

“ஒன்றைப் பக்கத்து ஊர்ச் சபைக்கு இரவல் கொடுத்திருக்கிறோம்,” என்றேன். ஆங்கிலத்தில், தடையில்லாமல். அம்மா வளர்த்த பிள்ளை.

மோராக் சந்தோஷப்பட்டாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருப்பாள்: என்ன எண் காட்டியது, யாருடைய கையில்?

நூற்று அறுபது பேருக்கு மேல் வந்தார்கள். நானும் ஒரு மேசையில் உட்கார்ந்து மாலைவரை பட்டை கட்டினேன். எத்தனை கைகள் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஐந்து மணிக்குக் கூட்டம் வடிந்தது. மோராக் எழுந்து அடுப்படிப் பக்கம் பார்த்து, சமைக்கும் பெண்கள் இன்னும் வரவில்லையே, வரச் சொல்லுங்கள் என்றாள். பாஸ்டர் கையைத் தட்டிக் கூப்பிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாரும் வந்தார்கள். எலூபே சித்தி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையை நீட்டினாள். அம்மா வரவில்லை. கிண்டும் துடுப்பைப் பிடித்தபடி அங்கிருந்தே சொன்னாள்:

“பாஸ்டர், நான் விட்டா களி கட்டி தட்டிடும். எனக்கு வேண்டாம். என் மகளே அன்னிக்குப் பாத்துட்டா. அவளவிட யாரு பாப்பாங்க?”

பாஸ்டர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். மோராக் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள்.

நானும் சிரித்தேன். அந்த இருநூற்று நான்கு என் நினைவுக்குக்கூட வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு பாஸ்டரிடமிருந்து போன். அம்மா அடுப்பு மூட்டக் குனிந்தவள் அப்படியே சரிந்துவிட்டாளாம். தோட்டத்து பிக்கப்பில் கிடத்தி, நான் வேலை செய்யும் மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்கள். வார்டில் இருந்த கருவி அந்த மாதம்தான் நான் சரிபார்த்தது. அது காட்டிய எண்ணை நான் சந்தேகப்படவில்லை. டாக்டர், “உங்க அம்மாவுக்கு முன்னாடியே பிரஷர் இருந்ததா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். அதுவும் பொய்தான்.

புதன்கிழமை அடக்கம். சங்கத்துப் பெண்கள் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாக இரண்டு வரிசையில் நின்றார்கள். அம்மாவையும் அதே சீருடையில்தான் பெட்டியில் வைத்திருந்தோம். சாப்பாட்டுக்குப் பெரிய பானையைத் தேடினார்கள். அது நாங்கள் தேய்த்துக் கவிழ்த்தபடியே இருந்தது. எல்லாரும் போன பிறகு நன்றி அறைக்குப் போய் ஆறாவது கருவியை எடுத்து வந்தேன். மருத்துவமனையில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று பூட்டி வைத்திருக்கும் பாதரசக் கருவி ஒன்று உண்டு. இரண்டையும் இணைத்து ஐந்து முறை அளந்தேன். வித்தியாசம் இரண்டு புள்ளி. மூன்று வரை இருந்தால் கருவி சரி என்று அர்த்தம்.

பாஸ்டரிடம் சொன்னேன். “கர்த்தருடைய சித்தம், தமாண்டா” என்றார். சித்தத்தை நான் குறை சொல்லவில்லை. ஐந்து கருவிகள் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தன என்றேன். மோராக்குக்கு எழுதலாமா என்று கேட்டேன். “அவங்க மனசு கஷ்டப்படும்மா” என்றார். இன்னும் எழுதவில்லை.

அம்மாவின் சட்டைப் பையில் நான்கு சீட்டுகள் இருந்தன. சோதனையில் அழுத்தம் அதிகமாக இருந்தவர்களை மாவட்ட மருத்துவமனைக்குப் போகச் சொல்லி மோராக் எழுதிக் கொடுத்தவை. தொலைத்துவிடுவார்கள் என்று அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். அந்தப் புதன்கிழமை முதல் பஸ்ஸில் நால்வரையும் அவளே கூட்டி வருவதாக ஏற்பாடு. நால்வரும் அன்று அடக்கத்துக்குத் தண்ணீர் சுமந்தார்கள்.

அடுத்த வாரம் நானே போய் மூன்று பேரைக் கூட்டி வந்தேன். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நான்காவது சீட்டு எலூபே சித்தியுடையது. நூற்றுத் தொண்ணூறு, நூற்றுப் பதினான்கு. கூப்பிட்டதும் கைகளைத் துணிக்குள் மறைத்துக்கொண்டாள்.

“உங்கம்மா கூட வரேன்னுதான் சொன்னேன். உன் கூட வரேன்னு சொல்லல.”

“அம்மா இல்லையே சித்தி.”

“அப்ப நானும் வரல. போ.”

மூன்று முறை போய்விட்டேன். மூன்று முறையும் அதே பதில். போன ஞாயிற்றுக்கிழமை கதவையே திறக்கவில்லை. உள்ளே இருமிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பினேன். அவளுடைய சீட்டு என்னிடம் இருக்கிறது.