ஸ்பானிஷில் "சாப்பிட்டாளா?"

அதிர்ச்சி இன்னும் தீரவில்லை.

நாளை எனக்கு ஸ்பானிஷ் தேர்வு. சாயங்காலம் மார்த்தாண்டத்திலிருந்து தேங்காய்ப்பட்டணம் போகும் பஸ்ஸில், 'சாப்பிடு' என்ற சொல்லின் ஸ்பானிஷ் வடிவங்களைத் தமிழோடு சேர்த்து முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். சிக்கலே இல்லாத வினைச்சொல் என்று டீச்சர் சொன்னது. "சாப்பிட்டாள்" என்று வந்த இடத்தில் ஸ்பானிஷ் மறந்துபோனது.

"கோமியோ" என்றார் பக்கத்து சீட்டு அக்கா. மடியில் மீன் விற்றுத் தீர்ந்த காலிச் சருவப் பானை.

தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, ஸ்பானிஷ் தெரியுமா?"

"இந்த ஒரு சொல்லுதான் மக்கா. எனக்க மவ ஸ்பெயின்ல ஒரு மடத்துல சிஸ்டரா இருக்கா. தின்னியாட்டின்னு கேட்டா, தின்னேன்னு கள்ளம் சொல்லுவா. மடத்து மதருக்குத் தமிழ் தெரியாது. அவங்ககிட்ட கேக்கதுக்குத்தான் படிச்சேன்."

சொல்லி முடிப்பதற்குள் அக்காவின் போனில் வீடியோ கால். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. திரையில் வயதான மதர்.

"கோமியோ?" என்று கேட்டார் அக்கா.

மதர் சிரித்துக்கொண்டே, "கோமெரா, கோமெரா" என்றார். "இனிமேல் சாப்பிடுவாளாம்" என்று அக்காவுக்குச் சொன்னேன்.

அக்காவின் முகம் மாறியது. "பாத்தியா மக்கா? தின்னாளான்னு கேட்டா, தின்னுவாளாம்! ஏட்டி, இங்க வாட்டி!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வெள்ளை அங்கியோடு ஓடிவந்த மகள், கையிலிருந்த ரொட்டியை அவசரமாகக் கடித்தாள்.

"கோமே" என்றார் மதர், பயந்துபோய். சாப்பிடுகிறாளாம்.

போனை வைத்த அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ தின்னியா?"

மதியம் வெறும் டீதான். "கோமெரே அக்கா, சாப்பிடுவேன்" என்றேன்.

அந்த முறைப்பு! தயவுசெய்து யாரும் அவரிடம் எதிர்கால வினையில் பதில் சொல்லிவிடாதீர்கள்.