முதலில் தண்ணீர்ச் சட்டி

நாயைத் தொடுவதற்கு முன் டாக்டர் ரீட்டா அது தண்ணீர் குடிக்கும் சட்டியைத்தான் பார்க்கிறார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சட்டியைச் சுற்றி எலிப் புழுக்கை கிடக்கிறதா என்று குனிந்து தேடுகிறார். கோம்பையில் நாய்களுக்கு வைத்தியம் பார்க்க வந்து பதினெட்டு வருடமாம். நாய் முனகிக் கிடக்க, இவர் சட்டியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, உதவிக்குப் பை தூக்கி வந்த எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நாய் ஒச்சாண்டியுடையது. அவர் தென்னந்தோப்பைக் காக்கும் செவலை. ஐந்து நாளாகச் சோறு இறங்கவில்லை, குடித்த தண்ணீரும் வாந்தியாகிறது. ரீட்டா கையுறை மாட்டி அதன் உதட்டைத் தூக்கினார். ஈறு மஞ்சள் பூத்திருந்தது.

"காமாலைன்னு கீழாநெல்லி அரைச்சு ஊத்துனேன்" என்றார் ஒச்சாண்டி, கொஞ்சம் பெருமையாகவே.

"எத்தன நாளு?"

"மூணு நாளு."

"மூணு நாளக் கீழாநெல்லிக்குக் குடுத்துட்டீகளேண்ணே."

அதற்கு மேல் அவர் திட்டவில்லை.

எலிக்காய்ச்சலாக இருக்கும் என்றார். நெல் அறுத்ததும் வயல் எலிகள் தோப்புக்குள் வரும். அவற்றின் மூத்திரம் விழுந்த தண்ணீரில் கிருமி இருக்கும். நாய் அதை நக்கிக் குடிக்கும். பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார். முடிவு தேனியிலிருந்து வரும்வரை காத்திருக்காமல் ஊசியைப் போட்டார். படித்தது கேரளாவில் என்பதாலோ என்னவோ, நாய்களிடம் மட்டும் மலையாளம் பேசுகிறார். "சாரமில்ல மோளே" என்று, பரவாயில்லை மகளே என்னும் பொருளில், சொன்னதும் செவலை ஒருமுறை வாலை அசைத்தது.

தடுப்பூசி போட்ட நாய்க்கு இது எப்படி வந்தது என்று ஒச்சாண்டி கேட்டார்.

"நீங்க போட்டது வெறிக்கு. இதுக்கு வேற ஊசி, வருசா வருசம் போடணும். சட்டிய ராவுல கவுத்து வைங்க."

"பொழச்சுக்கிருமா டாக்டரம்மா?"

"கிட்னி தாங்கணும். ரெண்டு நாள் போகட்டும்."

ரீட்டா கையுறையைக் கழற்றிவிட்டு முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். அதைப் பார்த்த ஒச்சாண்டிக்குச் சிரிப்பு. செவலையின் மூத்திரத்தையெல்லாம் தான் வெறுங்கையால்தான் துடைத்ததாகச் சொன்னார். நேற்றிலிருந்து தனக்கும் உடம்பு காய்கிறது, கெண்டைக்கால் குத்துகிறது, தேங்காய் சுமந்த அலுப்பு என்று காலைத் தேய்த்துக்கொண்டார்.

பையை மூடப்போன ரீட்டாவின் கை நின்றது. ஒச்சாண்டியைத் தோளைப் பிடித்து வெயிலுக்குக் கொண்டுவந்தார். செவலையின் உதட்டைத் தூக்கிய அதே நிதானத்தோடு, கட்டைவிரலால் அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.