நான் திருகிய குமிழ்

நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பிழையும் இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேச எனக்குக் கூச்சம், அதனால் எழுதுகிறேன். எதிரே ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. மைக்செட் கடையை மூடியபோது பழைய இரும்புக்குப் போக இருந்ததை முதலாளியிடம் கேட்டு எடுத்து வந்தேன். அதில் நான்கு குமிழ்கள். மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற இரண்டாவது குமிழைச் சுற்றியிருந்த எண்கள் என் விரல் பட்டுப் பட்டே அழிந்துவிட்டன.

1993-ல் விழுப்புரத்தில் அந்தக் கடையில் சேர்ந்தேன். என் அக்காவைக் கட்டிய மாமா அங்கே ஏற்கெனவே கம்பம் ஏறிக் குழாய் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார். அவர் மேலே, நான் கீழே ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில். மாதா கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவோம். அப்போது பட்டிமன்றம் அதிகம். ‘உழைப்பவரை வாழவைப்பது பொதுவுடைமையா, தனியுடைமையா?’ என்று ஒரே குழு வல்லத்திலும் பேசும், விக்கிரவாண்டியிலும் பேசும். பொதுவுடைமைக்கு ஒரு தமிழாசிரியர். தனியுடைமைக்கு ஓய்வுபெற்ற ஒரு வங்கி அதிகாரி. கேட்டுக் கேட்டு இருவர் பேச்சும் எங்களுக்கு மனப்பாடம். ஆசிரியர் தண்ணீர் குடித்தால் அடுத்தது ரேஷன் அரிசி. அதிகாரி காலரை இழுத்துவிட்டால் டெலிபோனுக்கு வருஷக்கணக்கில் காத்திருந்த கதை. ஜனங்கள் சிரிப்பதற்கு முன்பே மாமா சிரித்துவிடுவார். ஆனாலும் அவர் உன்னிப்பாகக் கேட்டார். திரும்பும்போது வண்டியில் குழாய்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, “வாத்தியார் சொல்றதுலயும் ஞாயம் இருக்குது மச்சான், பேங்க்காரர் சொல்றதுலயும் இருக்குது. நம்மளத்தான் ரெண்டு பேரும் திரும்பிப் பாக்கல” என்பார்.

ஒரு தொழிற்சங்கக் கூட்டத்துக்குக் குழாய் கட்டும்போது மாமா கம்பத்திலிருந்து விழுந்தார். வலது கை முறிந்தது. அவர் கடை ஆள், கடைக்காரர் பார்த்துக்கொள்வார் என்றார்கள் சங்கத்தார். விழுந்தது அவர்கள் கூட்டத்தில், அவர்கள் பார்க்கட்டும் என்றார் முதலாளி. அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் கட்டுப் போட்டார்கள். அதை மாமா கடைசிவரை நன்றியோடு சொன்னார். நான்காம் நாளே முதலாளி கூப்பிட்டு வேலை கொடுத்தார். வீட்டில் அடுப்பு எரிந்தது. அதையும் மாமா மறக்கவில்லை. ஆனால் கட்டைப் பிரித்தபோது கை கோணியிருந்தது. கட்டுப் போட்ட டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். வேறு யாரும் அந்தக் கையை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கடையில் கூலி பாதியாகிவிட்டது. அரை ஆளுக்கு அரைக் கூலி என்று மாமாவே சிரிப்பார். அக்கா சிரிக்க மாட்டாள்.

அடுத்த வருஷம் திண்டிவனத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் அதே பட்டிமன்றம். கம்பம் ஏற முடியாத மாமாவுக்கு மைக்கை எடுத்துக் கொடுக்கும் வேலை. தீர்ப்புக்கு முன்னால் நடுவர், சபையில் யாரும் கேள்வி கேட்கலாம் என்றார். மாமா மைக்கோடு வரிசை வரிசையாக நடந்தார். ஒருவரும் வாங்கவில்லை. முன்னால் வந்து நின்று அவரே பேசினார்.

“மன்னிக்கணும்ங்க, நான் மைக்செட் ஆளு. ஒங்க ரெண்டு பேருக்கும் நான்தான் குழாய் கட்டிக்கினு வந்தேன். ஒரு பக்கம் காசு வாங்காம கட்டுப் போட்டாங்க, கை கோணிப்போச்சு. இன்னொரு பக்கம் வேலை குடுத்தாங்க, கூலி பாதியாப்போச்சு. நீங்க சொல்ற ரெண்டுல, எதுல என் கை நேரா இருக்கும்ங்க?”

இதை முழுதாகக் கேட்டது மேடையும் முன்வரிசையும் நானும்தான். ‘குழாய் கட்டிக்கினு’ என்றபோதே மேடையோரம் நின்ற முதலாளி என்னைப் பார்த்துக் கையைக் கீழே அமர்த்திக் காட்டினார். நான் குமிழைத் திருகினேன். பேச்சு கேட்காமல் பின்னால் விசிலடித்தார்கள். “மைக்செட்காரனும் பட்டிமன்றம் பேச வந்துட்டான்டா” என்று முன்வரிசையில் ஒருவர் சொல்ல, பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆசிரியர் குறிப்புத் தாளைப் பார்த்தார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மைக் கோளாறு என்று சொல்லிவிட்டு நடுவர் தீர்ப்புக்குப் போனார்: இரண்டும் கலந்த பாதையே சிறந்தது. அது கடைசி வரிசைவரை கேட்கும்படி குமிழை ஏற்றிவைத்தவனும் நான்தான்.

வண்டியில் மாமா, “கரண்டா மச்சான்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். சிறிது நேரம் கழித்து, “பொட்டியில லைட்டு எரிஞ்சிக்கினுதான இருந்துது” என்றார். அதற்குப் பிறகு சாகிறவரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது விக்கிரவாண்டி டோல்கேட் அருகே ஓர் ஓட்டலில் வாட்ச்மேனாக இருக்கிறேன். அங்கே டிவியில் அதே விவாதம் ஓடுகிறது; கோட்டு போட்டவர்கள் பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. உழைப்பவர், உழைப்பவர் என்று இரண்டு பக்கமும் எங்களைச் சொல்லித்தான் கைதட்டு வாங்குகிறது. உழைப்பவன் ஒருவன் வாயைத் திறந்தால் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறது. கலந்த பாதையாம். மாமா கலப்பில்தானே இருந்தார்? அங்கிருந்து கோணல் கட்டு, இங்கிருந்து பாதிக் கூலி. இலவசமாகப் போடுகிற கட்டு நேராக இருக்கக் கூடாதா? வேலை கொடுக்கிறவர் முழுக் கூலி கொடுக்கக் கூடாதா? இதைக் கேட்பதற்கு எந்தக் கொள்கை தடுக்கிறது? குறைத்தவனும் உழைப்பவன்தான், வேலை போய்விடுமே என்று பயந்து குறைத்தேன். என்மேல் எனக்கு வருகிற அந்தக் கோபம் எல்லாவற்றிலும் பெரியது.

இன்று காலை இரண்டாவது குமிழைத் திருகிப் பார்த்தேன். உள்ளே எல்லாம் போய்விட்டது, கரகரப்புகூட இல்லை. மாமாவின் கேள்வியை ஒரு சொல் விடாமல் மேலே எழுதியிருக்கிறேன். பின்வரிசைக்கும் கேட்கட்டும்.

திண்டிவனம்,
12.3.2017